சிங்கம் என்றால் வீரமா? ஒரு குடும்பச் சின்னக் கேள்வியும் அதன் வாலும்

வாசகர் கேள்வி, பிப்ரவரி 4

"அண்ணன் மகளுக்கு லண்டனில் கல்யாணம். மாப்பிள்ளை வெள்ளைக்காரப் பையன். அவர்கள் வீட்டுக்கு ஒரு குடும்பச் சின்னம் இருக்கிறதாம், சிவப்புக் கேடயத்தில் தங்கச் சிங்கம். இணையத்தில் தேடினால் சிவப்பு வீரம், நீலம் விசுவாசம், பச்சை நம்பிக்கை, சிங்கம் அஞ்சாமை என்று பெரிய பட்டியலே கிடைக்கிறது. பத்திரிகையில் இரண்டு வீட்டுச் சின்னமும் வர வேண்டும் என்கிறார்கள். நமக்கு ஏது? பட்டியலைப் பார்த்து நாமே ஒன்று செய்துகொள்ளலாமா? அர்த்தம் ஏதும் தப்பாகிவிடாதே?"

பிப்ரவரி 4, இரவு 11 மணி

முதலில் அந்தப் பட்டியலை மூடிவையுங்கள்.

சிவகாசியில் 19 வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறேன். லண்டன், டொரண்டோ ஆர்டர்களில் இந்தக் கேடயச் சமாச்சாரம் நாலைந்து தடவை வந்திருக்கிறது. ஒரு தடவை நன்றாக அடிபட்டேன். அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன்.

ஐரோப்பாவில் இது 12ஆம் நூற்றாண்டில் பிடித்துக்கொண்ட பழக்கம். 1128இல் இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றி தன் மருமகன், பிரான்சின் ஆஞ்சுப் பகுதி ஜெஃப்ரிக்கு வீரப்பட்டம் கட்டியபோது, சிங்கம் வரைந்த கேடயம் ஒன்றை அவர் கழுத்தில் மாட்டினார் என்று பிற்காலத்தில் ஒரு துறவி எழுதிவைத்தார். ஜெஃப்ரியின் நினைவாகச் செய்த எனாமல் தகடு பிரான்சில் லெ மான் நகரில் இருக்கிறது. நீலக் கேடயம், அதில் தங்கச் சிங்கங்கள். இப்போது சால்ஸ்பரி தேவாலயத்துக்குப் போங்கள். 1226இல் இறந்த வில்லியம் லாங்கஸ்பே அங்கே கல்லாய்ப் படுத்திருக்கிறார். ஜெஃப்ரியின் பேரன். அவர் கையில் இருக்கும் கேடயத்திலும் அதே சிங்கங்கள். தாத்தாவின் கேடயம் பேரனுக்கு வந்துவிட்டது, அதனால்தான் அது குலச்சின்னம். சிங்கத்துக்கு என்ன குணம், நீலத்துக்கு என்ன குணம் என்று அந்தத் தகட்டில் யாரும் எழுதிவைக்கவில்லை. நிறத்துக்கு ஒரு குணம், மிருகத்துக்கு ஒரு குணம் என்று பட்டியல் போட்டவர்கள் பெரும்பாலும் பிற்காலத்துப் புத்தகக்காரர்கள். ராசிக்கல் கடைக்காரர் மாதிரி.

ஆக, அர்த்தம் தப்பாகாது. ஏனென்றால் அர்த்தமே கிடையாது. மாப்பிள்ளை வீட்டு க்ரெஸ்ட்டின் படம் இருந்தால் அனுப்புங்கள்.

பிப்ரவரி 5, காலை

நேற்று நானே "க்ரெஸ்ட்" என்று எழுதிவிட்டேன். தப்பு. க்ரெஸ்ட் என்பது தலைக்கவசத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பொம்மை மட்டும். கேடயம் வேறு. எல்லாம் சேர்ந்ததுதான் கோட் ஆஃப் ஆர்ம்ஸ். கொண்டையைக் காட்டி இதுதான் ஆள் என்று சொன்ன கதை.

பிப்ரவரி 5, மதியம்

அடிபட்ட கதையை ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கலப்புக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுச் சின்னம் பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கம். பத்திரிகையின் இடது மூலையில் அதை வைத்தேன். நடுவில் பெண் மாப்பிள்ளை பெயர். சிங்கம் இடப்பக்கம் பார்த்து நிற்பது எனக்கு உறுத்தியது. பெயரைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறதே என்று. கோரல் டிராவில் ஒரு சொடுக்கு, மிரர். சிங்கம் சமர்த்தாகப் பெயரைப் பார்த்துத் திரும்பியது. புரூஃபைப் பெண் வீட்டார் மட்டும்தான் பார்த்தார்கள். டை போட்டு, ஃபாயில் அடித்து, 600 பத்திரிகை பெட்டியில் கட்டியாகிவிட்டது.

லண்டனிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்பினார். எங்கள் சிங்கம் ஏன் ஓடுகிறது?

விஷயம் இதுதான். கேடயத்தின் வலது இடது நாம் பார்க்கும் வலது இடது இல்லை. கேடயத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிறவனின் வலது இடது. நமக்கு இடப்பக்கமாகத் தெரிவது அவனுக்கு வலப்பக்கம். மிருகங்கள் வழக்கமாக அந்த வலப்பக்கம் பார்த்துத்தான் நிற்கும். திருப்பினால் புறமுதுகு. புறநானூற்றில் முலையறுப்பேன் என்று கிளம்பிய தாய்க்கு வந்த சந்தேகம் எனக்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டும். 600ஐயும் என் செலவில் மறுபடி அடித்தேன்.

பிப்ரவரி 7

"அர்த்தம் இல்லையென்றால் சிங்கத்தையும் பருந்தையும் எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள்?" நல்ல கேள்வி.

பல இடங்களில் சிலேடைதான். பெயரை உடைத்துப் படமாகப் போட்டுவிடுவார்கள். பழைய ஸ்பெயினில் காஸ்டில் நாட்டுக்குக் கோட்டை, லியோன் நாட்டுக்குச் சிங்கம். எலிசபெத் ராணியின் அம்மா பிறந்த வீடு போஸ்-லயன். அவர்கள் கேடயத்தில் வில்லும் சிங்கமும். நம்மூரில் வேலுச்சாமி லாரி சர்வீஸ் என்றால் கதவில் ஒரு வேல் வரைவார்கள் இல்லையா, அதேதான். பிரெஞ்சில் இதற்குப் பெயரே "பேசும் சின்னம்".

எனக்குப் பிடித்தது ஷேக்ஸ்பியர் வீட்டுக் கேடயம். தங்க நிறப் பலகை. அதில் மூலைக்கு மூலை கறுப்புப் பட்டை. பட்டையின் மேல் வெள்ளி முனை போட்ட தங்க ஈட்டி. மேலே க்ரெஸ்ட்டாக (இப்போது சரியாகச் சொல்கிறேன்) வெள்ளிப் பருந்து சிறகை விரித்து, ஒரு காலில் இன்னொரு ஈட்டியைப் பிடித்து நிற்கிறது. பெயரே ஈட்டி குலுக்கி. வேறு தத்துவம் ஒன்றும் இல்லை.

ஆனால் பின்கதை இருக்கிறது. 1596இல் சின்னம் வழங்கப்பட்டது மகனுக்கு இல்லை, அப்பா ஜானுக்கு. ஸ்ட்ராட்ஃபோர்டில் கையுறை தைத்து விற்றவர், ஊர்ப் பெரிய பதவியில் இருந்தவர், பிற்பாடு நொடித்துப்போனவர். காசு இப்போது நாடகத்தில் சம்பாதிக்கும் மகனிடம். சின்னத்தை வாங்குவது மகன், கௌரவம் அப்பாவின் பெயரில். நம் வீடுகளில் அப்பா பெயரில் மகன் கட்டும் வீடு மாதிரி. வரைவில் எழுதிய குறிக்கோள் வாசகம் பழைய பிரெஞ்சு, "நோன் ஸான் த்ருவா". உரிமை இல்லாமல் இல்லை என்று பொருள். குமாஸ்தா முதலில் "நோன்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி போட்டுவிட்டார். அப்படிப் படித்தால் "இல்லை, உரிமை இல்லாமல்"! அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறார். புரூஃப் திருத்துகிறவனுக்கு இதைவிடப் பெரிய கதை வேண்டாம்.

1602இல் சின்னம் வழங்கிய அலுவலகத்துக்குள்ளேயே சண்டை. அங்கே சின்னங்களைக் கவனிக்கும் அதிகாரிகளில் ஒருவரான ரால்ஃப் புரூக், தகுதியில்லாதவர்களுக்கெல்லாம் கேடயம் கொடுத்துவிட்டார்கள் என்று 23 பேர் பட்டியல் போட்டார். அதில் "ஷேக்ஸ்பியர் எனும் நடிகன்" உண்டு. இந்தக் கேடயம் மாலி பிரபுவின் கேடயம் மாதிரியே இருக்கிறது என்பது இன்னொரு புகார். அவருடையதும் தங்கத்தில் கறுப்புப் பட்டை. அதற்கு அதே அலுவலகத்தின் மேலதிகாரிகள் டெத்திக்கும் கேம்டனும் சொன்ன பதில், பட்டையின் மேல் ஈட்டி இருக்கிறதே, அதுதான் வித்தியாசம் என்பது. கவனியுங்கள். ஈட்டிக்கு என்ன அர்த்தம் என்று யாரும் வாதாடவில்லை. வேறு ஆள் என்று தெரிகிறதா என்பதுதான் வழக்கு.

பிப்ரவரி 8

சிலேடைக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. எல்டன் ஜான் 1987இல் வாங்கிய சின்னத்தில் பியானோ கட்டைகளும் இசைத்தட்டும். வாசகம் ஸ்பானிஷில், "எல் தோனோ எஸ் புவேனோ". சுருதி நன்றாக இருக்கிறது என்று பொருள். எல்-தோனோ, எல்டன்! இத்தனை காசு கட்டி, சீல் போட்டு, கடி ஜோக் வாங்கியிருக்கிறார். மரியாதை கூடிவிட்டது.

பிப்ரவரி 10

கேட் மிடில்டனைக் கொண்டுவந்து என்னை மடக்கிவிட்டார் ஒருவர். சரி, ஒப்புக்கொள்கிறேன். 4ஆம் தேதி "அர்த்தமே கிடையாது" என்று எழுதியது வாய்க்கொழுப்பு.

2011 ஏப்ரல் 29 இளவரசர் வில்லியமோடு கல்யாணம். பத்து நாளைக்கு முன்னால்தான் கேட்டின் அப்பா மைக்கேலுக்கு வழங்கிய புதுச் சின்னத்தை வெளியிட்டார்கள். பாதி நீலம், பாதி சிவப்பு. நடுவில் வீட்டுக்கூரை மாதிரி ஒரு தங்கப் பட்டை. அதை ஒட்டி மேலும் கீழும் மெல்லிய வெள்ளைக் கோடு. சுற்றிலும் மூன்று ஓக் கொட்டைகள். மூன்று கொட்டை மூன்று பிள்ளைகளுக்கு. அவர்கள் இருக்கும் மேற்கு பெர்க்ஷயர் பக்கம் ஓக் மரம் நிறைய. தங்கப் பட்டை அம்மா காரோலின் பிறந்த வீட்டுப் பெயர் கோல்ட்ஸ்மித் என்பதற்காக. வெள்ளைக் கோடு குடும்பத்துக்குப் பிடித்த மலைகளும் பனிச்சறுக்கும். கேடயத்தை நடுவே பிளக்கும் கோடுகூட மிடில்-டன் என்ற பெயருக்கான சிலேடை.

இத்தனை அர்த்தம் இருக்கிறதே என்றால், இருக்கிறது. ஆனால் அந்த வீட்டுக்கு மட்டும். வேறொரு வீட்டில் ஓக் கொட்டை இருந்தால் மூன்று பிள்ளை என்று எடுத்துக்கொள்ள முடியாது. வெள்ளைக் கோடு பனிச்சறுக்கு என்று உலகத்தில் எந்தப் பட்டியலிலும் கிடையாது. பட்டியலை மூடச் சொன்னதை மட்டும் திரும்பப் பெற மாட்டேன்.

எனக்கு அதில் பிடித்தது அந்தத் தங்கப் பட்டை. அம்மா வீட்டுப் பெயர் கேடயத்தின் நடுவில். நம் பத்திரிகையில் தாய்மாமன் பெயருக்கு இடம் பிடிக்கிற சண்டை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பிப்ரவரி 10, பின்னிரவு

பெண்களுக்குக் கேடயம் கிடையாதாமே என்று கேட்டவருக்கு. இங்கிலாந்து வழக்கத்தில் கல்யாணமாகாத பெண்ணுக்குச் சாய்சதுரம்தான். கேட்டுக்கும் முதலில் அப்படித்தான், மேலே நீல ரிப்பனோடு. கேடயம் சண்டைக்காரனுடையது என்ற நினைப்பு. கனடாவில் 1988இல் சொந்தமாகச் சின்ன ஆணையம் வைத்தபோது இந்த வேற்றுமையை விட்டுவிட்டார்கள். அங்கே பெண்ணும் கேடயமே வைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 13

"மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய படத்தில் சிங்கம் ஒரு மாதிரி, அவர்கள் வீட்டு மோதிரத்தில் வேறு மாதிரி. எதை வரைவது?"

இரண்டும் சரி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. நாங்கள் லோகோவில் வளர்ந்தவர்கள். ஒரு புள்ளி நகர்ந்தாலும் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். இங்கே சின்னம் என்பது படம் இல்லை, வாக்கியம். பிளேசன் என்பார்கள். "சிவப்பில், எழுந்து நிற்கும் தங்கச் சிங்கம்" என்று இருந்தால், அந்த வாக்கியத்துக்குப் பொருந்தும் எந்தச் சிங்கமும் அவர்கள் சிங்கம்தான். மெலிந்த சிங்கம், தொப்பைச் சிங்கம், வரைகிறவன் பாடு. நம் ஸ்தபதிக்குத் தியான சுலோகம் இருக்கிற மாதிரி. நாலு கை, எந்தக் கையில் எது என்று சுலோகம் சொல்லும். முகம் ஸ்தபதியின் முகம்.

ஆகவே படத்தை டிரேஸ் எடுக்காதீர்கள். வாக்கியத்தைக் கேட்டு வாங்குங்கள்.

நிறத்துக்கும் ஒரு சட்டம் உண்டு, இதற்கு ஆதாரம் கண்ணிலேயே இருக்கிறது. மஞ்சளும் வெள்ளையும் உலோகம், தங்கமும் வெள்ளியும். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா நிறம். உலோகத்தின் மேல் உலோகம் கூடாது, நிறத்தின் மேல் நிறம் கூடாது. தூரத்திலிருந்து தெரியாது என்பதுதான் காரணம். பஸ்ஸில் ஊர்ப் பெயர் எழுதும் பெயிண்டருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். வேண்டுமென்றே மீறியதில் பிரபலமானது ஜெருசலேம் அரசின் சின்னம், வெள்ளியில் தங்கச் சிலுவைகள்.

பிப்ரவரி 14

"மூவேந்தருக்கு வில், கயல், புலி இருந்ததே, நாம்தான் முன்னோடி" என்று இரண்டு பேர் வந்துவிட்டார்கள். வருவீர்கள் என்று தெரியும்.

முன்னோடிப் போட்டி எனக்கு வேண்டாம். அது அரச முத்திரை. பக்கத்து வீட்டுக் குப்பனுக்கும் தனிச் சின்னம் பதிந்து கொடுக்கும் அலுவலகம் ஒன்றும் சோழ நாட்டில் இருந்ததாக நான் படித்ததில்லை. ஆனால் ஓரிடம் நிஜமாகவே ஒத்துப்போகிறது. திருவாலங்காட்டுச் செப்பேட்டின் முத்திரையைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும் புலி, அதன் முன்னால் இரண்டு கயல், கூடவே வில், மேலே வெண்கொற்றக் குடையும் சாமரங்களும். பாண்டியனையும் சேரனையும் தன் முத்திரைக்குள்ளேயே ராஜேந்திரன் பிடித்து வைத்துக்கொண்டார். 1340இல் இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டும் இதைத்தான் செய்தார். பிரான்சின் மகுடமும் எனக்குத்தான் என்று பிரெஞ்சு லில்லிப் பூவைத் தன் சிங்கங்களோடு நாலு கட்டமாக்கிப் போட்டார். அந்தப் பூவை எடுத்தது 1801இல். பிரான்சில் ராஜாவே ஒழிந்தபிறகும் கேடயத்தில் பூ இருந்தது. பட்டா மாறினாலும் பழைய பத்திரத்தை விடாத மனுஷர்கள்.

பிப்ரவரி 17

ஒருவர் "பெருமைக்குரியதை மட்டும்தானே சின்னத்தில் போடுவார்கள்" என்கிறார். அவர்களுக்கு எது பெருமை என்பதைப் பொறுத்தது. 1560களில் ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி விற்ற ஜான் ஹாக்கின்ஸுக்குக் க்ரெஸ்ட் கொடுத்தார்கள். கயிற்றால் கட்டப்பட்ட ஒரு கறுப்பு மனிதனின் பாதி உருவம் அது. ஒளித்து வைக்கவில்லை, தலைக்கு மேலே வைத்தார்கள். அதற்குப் பட்டியல் பார்த்து அர்த்தம் தேட வேண்டியதில்லை.

பிப்ரவரி 20

கேள்வி கேட்டவருக்கு ஒரு சங்கடமான விஷயம். மாப்பிள்ளை வீட்டார் அந்தச் சின்னத்தை எங்கே வாங்கினார்கள் என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். சுற்றுலா ஊர்களில் குடும்பப் பெயரைச் சொன்னால் கேடயம் அச்சடித்த காபிக் கோப்பை கொடுக்கும் கடைகள் உண்டு. அது சும்மா. ஒரு பெயர் உள்ள எல்லாருக்கும் ஒரு சின்னம் என்பதே கிடையாது. ஒருவருக்கு வழங்குவார்கள், அவர் வாரிசுகளுக்குப் போகும். லண்டனில் இதற்கான அலுவலகம் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ். 1484இல் மூன்றாம் ரிச்சர்ட் ஏற்படுத்தியது.

திருட்டுக்குத் தண்டனை உண்டா என்றால், இங்கிலாந்தில் அதற்கென்று ஒரு நீதிமன்றம் இருக்கிறது. கடைசியாகக் கூடியது 1954இல். மான்செஸ்டர் மாநகராட்சி, தன் சின்னத்தைப் பயன்படுத்திய ஒரு நாடகக் கொட்டகை மேல் போட்ட வழக்கு. அதற்கு முன்னால் 200 வருஷத்துக்கு மேல் கூடவே இல்லை. அதனால் இந்த நீதிமன்றம் உயிரோடு இருக்கிறதா என்பதையே முதலில் விசாரித்தார்கள்! மாநகராட்சி ஜெயித்தது. ஸ்காட்லாந்தில் விளையாட முடியாது. லார்ட் லயன் நீதிமன்றம் இன்றும் நடக்கிறது, பதிவேடு 1672இலிருந்து வருகிறது.

உங்கள் அண்ணன் பிரிட்டிஷ் குடிமகன் என்றால் முறைப்படி விண்ணப்பித்தே வாங்கலாம். கட்டணம் பல ஆயிரம் பவுண்டு. அந்தக் காசுக்குப் பெண்ணுக்கு நகை போடலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

பிப்ரவரி 21

கேட்டுவிட்டாராம். கொள்ளுத் தாத்தா பெயருக்கு வழங்கிய தோல்பத்திரம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதாம். மாப்பிள்ளை வீட்டாரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். சிவகாசிக்காரனுக்கு எதைப் பார்த்தாலும் டூப்ளிகேட் புத்தி.

பிப்ரவரி 26

நாலு நாளாக வேறொன்று மண்டையைக் குடைகிறது. "நமக்கு ஏது" என்று முதல் கேள்வியில் இருக்கிறதே, அது.

எங்கள் வீட்டில் ஒரு பித்தளை அண்டா இருக்கிறது. அதன் கழுத்தில் உளியால் குத்திய மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு. அப்பத்தா சொல்வாள், மூன்று புள்ளி அவள் பெற்ற மூன்று பிள்ளைகள், கோடு தாத்தா, எல்லாரையும் தாங்குகிறவர். சின்ன வயதில் அந்தப் புள்ளிகளில் எது அப்பா, எது சித்தப்பா என்று விரலை வைத்து நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்தபோது பார்த்தேன். புள்ளிக்குப் பக்கத்தில் சின்னதாக 1951. கடைசிச் சித்தப்பா பிறந்தது 1958.

அத்தைக்குப் போன் போட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "அது சலவைக் குறிடா." அந்தக் காலத்தில் வெளுக்க எடுத்துப் போகிற துணியில் யார் வீட்டுத் துணி என்று தெரிய, சேங்கொட்டைச் சாற்றால் ஓரத்தில் குறி போடுவார்கள். எத்தனை வெளுத்தாலும் போகாது. ஒரு வீட்டுக்கு ஒரு குறி, தெருவில் இன்னொரு வீட்டுக்கு அது வராது. எங்கள் வீட்டுக்கு மூன்று புள்ளியும் கோடும். அந்தக் குறி எல்லாருக்கும் தெரியும் என்பதால் தாத்தா அண்டா வாங்கியபோது அதையே வெட்டச் சொன்னாராம்.

அதாவது எங்களுக்குக் குலச்சின்னம் வழங்கியவர் எங்கள் தெருவில் துணி வெளுத்தவர். அவர் பெயர் அத்தைக்கும் நினைவில்லை. எத்தனை வீடு, எந்தக் குறி யாருக்கு என்று பதிவேடு முழுக்க அவர் தலைக்குள் இருந்திருக்கிறது.

அப்பத்தாவிடம் யாராவது 1951 என்று காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும். "மூணு பிறக்கும்னு அப்பவே தெரியும்."

பிப்ரவரி 27

அப்பத்தாவைக் கிண்டல் செய்ததாக ஒருவர் கோபித்துக்கொண்டார். இல்லை. ஐரோப்பாவில் படித்தவர்களே இதைத்தான் செய்தார்கள். ஒரே கேடயத்தை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொள்ள ஆங்கிலேயர் சின்னச் சின்ன அடையாளம் வைத்திருந்தார்கள். அப்பா இருக்கும்வரை மூத்தவனுக்கு மேலே ஒரு பட்டையும் தொங்கலும், இரண்டாமவனுக்குப் பிறை, மூன்றாமவனுக்கு நட்சத்திரம், நாலாமவனுக்குக் கால் இல்லாத ஒரு குருவி. அந்தக் குருவிக்கு ஏன் கால் இல்லை? நாலாமவனுக்குக் காலூன்ற நிலம் கிடைக்காது என்று விளக்கம். ஆனால் பங்காளி அடையாளமாக ஆவதற்கு முன்பே அந்தக் குருவி கேடயங்களில் கால் இல்லாமல்தான் பறந்துகொண்டிருந்தது. விளக்கம் பின்னால் வந்து உட்கார்ந்தது. நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். மூன்று புள்ளியை இனி நானும் மூன்று பிள்ளை என்றுதான் என் மகளுக்குச் சொல்வேன்.

மார்ச் 2

கேள்வி கேட்டவர் தன் அம்மா வீட்டுப் பரண் மேல் ஏறியிருக்கிறார்! தூக்குவாளி, குடம், தாம்பாளம் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினார். எல்லாவற்றிலும் "ரா" என்று ஓர் எழுத்து. பாதியில் வெறும் "ரா", பாதியில் "ரா"வுக்கு மேலே ஒரு சின்ன வளைவு. பெரிய தாத்தாவும் சின்னத் தாத்தாவும் பாகம் பிரித்தபோது, சின்னவர் பங்குக்கு வந்த பாத்திரத்தில் மட்டும் அந்த வளைவை வெட்டினார்களாம், விசேஷ வீட்டில் கலந்துவிடக் கூடாது என்று. இவர்கள் சின்னவர் வழி.

உங்களுக்குச் சின்னம் இல்லை என்று யார் சொன்னது? தம்பி வழிக்கு வேற்றுமைக்குறியோடு சேர்த்தே இருக்கிறது.

மார்ச் 6

600 பத்திரிகை கதைக்கு ஒரு பின்குறிப்பு. ஜெர்மன் பக்கத்து வழக்கத்தில், இரண்டு வீட்டுக் கேடயத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றைத் திருப்பி, ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வைப்பது மரியாதையாம். அந்த மாப்பிள்ளை மட்டும் ஜெர்மன்காரராக இருந்திருந்தால் என் காசு தப்பித்திருக்கும்.

மார்ச் 11

புரூஃப் அனுப்பியாகிவிட்டது. இங்கேயும் விவரம் போடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

அவர்கள் வெள்ளை அட்டையில் வெறும் தங்க ஃபாயில் கேட்டார்கள். ஒற்றை உலோகத்தில் அடிப்பது தப்பில்லை. மோதிரத்தில் ஏது நிறம்? ஆனால் சிவப்புக் கேடயம் சிவப்பு என்று தெரிய வேண்டுமே. அதற்கும் வழி உண்டு. 1638இல் பெத்ரா சான்க்தா என்ற ஏசு சபைப் பாதிரியார் பரப்பிய கோட்டு முறை. செங்குத்துக் கோடு என்றால் சிவப்பு, படுக்கைக் கோடு நீலம், கட்டம் போட்டால் கறுப்பு, வெறுமையாக விட்டால் வெள்ளி, புள்ளி வைத்தால் தங்கம். அச்சுக்காரனுக்காகவே செய்த மாதிரி இருக்கிறது. கேடயம் முழுக்க மெல்லிய செங்குத்துக் கோடு, சிங்கத்தின் உடம்பில் புள்ளி. கோட்டுக்குக் கோடு இடைவெளியை முதலில் ரொம்ப நெருக்கிவிட்டேன், ஃபாயில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் தளர்த்தியதும் சுத்தமாக விழுந்தது. சிங்கம் இந்தத் தடவை வெளியே பார்த்துத்தான் நிற்கிறது. உறுத்தத்தான் செய்கிறது.

வலப்பக்கம் பெண் வீட்டு "ரா", மேலே வளைவு. வெட்டுளி குத்திய மாதிரியே புள்ளி புள்ளியாக வரைந்தேன். இதைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் அப்பா, எழுத்து ஏன் தங்கம் என்று கேட்டிருக்கிறார்.

மார்ச் 12

இல்லை, நான் பெத்ரா சான்க்தாவை நினைத்துப் புள்ளி வைக்கவில்லை. தூக்குவாளியில் அப்படித்தான் இருந்தது.

மார்ச் 19

350 அடிக்கச் சொல்லி ஆர்டர் வந்துவிட்டது. பெண்ணின் அம்மா ஒரே ஒரு திருத்தம் சொன்னார். அந்த வளைவு பிறைநிலா, சந்திர வம்சம் என்று கீழே பொடி எழுத்தில் போட முடியுமா என்று கேட்கிறார்.

போட்டுவிட்டேன்.